மாவு உப்புகிற நேரத்தில் மலை நடை: கோத்தகிரியில் ஒரு சனி, ஞாயிறு

நண்பர்களோடு மலைக்குப் போவதென்றால் பெரும்பாலும் முதலில் தயாராவது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல்தான். நான் முதலில் முடிவு செய்வது, எத்தனை மணிக்கு மாவு பிசைவது என்பதை. மாவு பிசையும் நேரமும் ரொட்டி அடுப்பில் ஏறும் நேரமும் தெரிந்துவிட்டால், அந்த நாளுக்கு இரண்டு முளை அடித்தாயிற்று. நடுவில் இருக்கும் ஆறேழு மணி நேரம் முழுக்க நடக்கவும் பேசவும் சும்மா உட்காரவும்தான். மாவுக்கு அந்த நேரத்தில் நம் உதவி எதுவும் தேவையில்லை. ஆனால் மாலை நாலு மணிக்கு எல்லோரும் வீட்டில் இருந்தாக வேண்டும். இந்த ஒரு கட்டாயம் இருப்பதால்தான் எங்கள் கூட்டம் ஆளுக்கொரு திசையில் சிதறாமல், ஒரே நாளில் எட்டு இடத்துக்கு ஓடாமல், ஒன்றாகவே இருக்கிறது.

நான் கோவை, பீளமேடு. கல்லூரி விடுதியில் ஒரே வராந்தாவில் இருந்த நாங்கள் ஐந்து பேர் இன்னும் சேர்ந்து போகிறோம். ஒருத்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள், ஒருத்தி பொள்ளாச்சியில் பல் டாக்டர். ஒருத்திக்கு முழங்கால் வலி, ஏற்றம் ஏற முடியாது. அவளையும் சேர்த்துத்தான் திட்டம் போடுகிறோம். இந்த முறை உங்களுக்கும் பொருந்தும் என்பதால் அளவோடும் நேரத்தோடும் எழுதுகிறேன்.

கோத்தகிரி ஏன்?

ரொட்டிக்காகத்தான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் பாதிக் காரணம் அதுதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே மாவு பகல் முழுக்கக் கிடந்தாலும் அசையாது. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர். நல்ல நாளில் வீட்டுக்குள் பகல் வெப்பம் 18 முதல் 22 டிகிரிக்குள் இருக்கும். மெதுவாகப் புளித்து மணம் பிடிக்க வேண்டிய மாவுக்கு இதைவிடத் தோதான வெப்பநிலை கிடையாது. கோவையில் மே மாதம் இதே மாவை வைத்தால் மூன்று மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடும், ஆனால் வாயில் வைத்தால் சுவை இருக்காது. மீதிப் பாதிக் காரணம், கோத்தகிரியில் கூட்டம் குறைவு. சாலையோரம் நின்று பேசினால் அடுத்தவர் சொல்வது காதில் விழும்.

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை போகாதீர்கள். வடகிழக்குப் பருவமழையை நேராக வாங்கும் பக்கம் இது. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்கவில்லை. பிப்ரவரி, மார்ச் அருமையான மாதங்கள். ஏப்ரல், மே சீசனில் மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையை ஏறுவதற்கும் கோத்தகிரி சாலையை இறங்குவதற்கும் ஒருவழியாக்குவது வழக்கம். அப்போது காரில் போகிறவர்கள் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

சொந்தக் கார் என்றால் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பேருந்தில் போனால் அந்த வேலையே இல்லை. நாங்கள் பேருந்துதான். விடியற்காலை கோவையில் ஏறினால் மேட்டுப்பாளையத்தில் மாறி, அங்கிருந்து 33 கிலோமீட்டர் மலைச்சாலை. எட்டரை மணிக்குள் கோத்தகிரி பேருந்து நிலையத்தில் சூடாக டீயும் வர்க்கியும் கையில் இருக்கும். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவு ஏறினால் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கலாம்.

பையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கேரி பேகும் இருந்தால் குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் எடுத்துவிடுவார்கள். எடுக்க வேண்டியதுதான். அந்தச் சாலை யானைகள் கடக்கும் காட்டுக்குள்தான் போகிறது. மாவை மூட பிளாஸ்டிக் தாள் வேண்டும் என்று சமையல் குறிப்புகளில் எழுதுவார்கள். ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினாலே போதும்.

வீடு பிடிக்கும்போது கேட்க வேண்டியவை

அறையிலிருந்து என்ன தெரியும், வைஃபை உண்டா என்று கேட்பதைவிட இந்த மூன்றைப் போனில் கேளுங்கள். சமையலறையில் நாமே சமைக்கலாமா? சமையலறைக்குப் பின்னால் திறந்த இடமோ திண்ணையோ உண்டா? விறகடுப்பு மூட்ட அனுமதி உண்டா? மூன்றுக்கும் 'ஆமாங்க' என்று பதில் வந்தால் வேறு யோசனையே வேண்டாம். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அக்காவிடம் கனமான இரும்புச் சட்டி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். இருந்தால் சுமை குறையும். நாங்கள் எதற்கும் இருக்கட்டும் என்று எங்களுடையதையே தூக்கிப் போகிறோம்.

வெள்ளி இரவு: அளந்து வைப்பது

அளப்பதை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். மலையில் போய் தராசு தேடக் கூடாது. ஐந்து பேருக்கு ஒரு பெரிய ரொட்டி போதும்:

மைதா 350 கிராம்
கோதுமை மாவு 150 கிராம் (மில்லில் அரைத்ததானால் சலித்தது)
பொடியுப்பு 10 கிராம்
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் அரை டீஸ்பூன்
தண்ணீர் 340 மில்லி (இதை மட்டும் மலையில் அளந்துகொள்ளலாம்)

தண்ணீர் தவிர மற்றதெல்லாம் ஒரே எவர்சில்வர் தூக்கில் கலந்து மூடிவிடுங்கள். உப்பு பட்டால் ஈஸ்ட் செத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். ஈரமில்லாமல் ஓரிரவு சேர்ந்து இருப்பதால் ஒன்றும் ஆகாது. சர்க்கரை, பால், முட்டை எதுவும் வேண்டாம். நேரம் கொடுத்தால் மாவே தனக்கு வேண்டிய இனிப்பை எடுத்துக்கொள்ளும்.

கூடவே எடுக்க வேண்டியவை: கைப்பிடி உள்ள ஆழமான இரும்புச் சட்டி, அதன் மேல் சரியாக உட்காரும் விளிம்பு வைத்த இரும்பு தோசைக்கல், ஒரு கிலோ கொட்டாங்குச்சிக் கரி, அரைக்கிலோ கல்லுப்பு, சட்டிக்குள் வைக்கச் சின்ன இரும்பு வளையம், இடுக்கி, பழைய பருத்தித் துண்டு, கொஞ்சம் அரிசி மாவு, வாழையிலை. நான்ஸ்டிக் பாத்திரத்தைத் தொடவே கூடாது. வெறுமனே சூடேற்றினால் அதன் பூச்சு கெட்டுப் புகையும். குக்கரும் வேண்டாம். தண்ணீர் இல்லாமல் நெடுநேரம் காய்ந்த குக்கரை அப்புறம் விசிலுக்கு நம்பி அடுப்பில் வைக்க எனக்கு மனம் வராது.

சனி காலை: பிசையாத மாவு

வீட்டுக்குப் போனதும் பையை வைத்துவிட்டு நேராக மாவு வேலை. ஒன்பதரைக்குள் முடித்துவிடலாம். தண்ணீரை விரல் வைத்தால் லேசாக வெதுவெதுப்பாகத் தெரியும் அளவுக்கு மட்டும் சூடாக்குங்கள். அகலமான பாத்திரத்தில் மாவைக் கொட்டி, ஒருத்தி தண்ணீர் ஊற்ற ஒருத்தி கையால் கலக்க வேண்டும். உலர்ந்த மாவு எங்கும் தெரியாத வரை கலந்தால் போதும். சப்பாத்தி மாவு போல உருண்டு வராது; கையில் ஒட்டும், தளர்வாக இருக்கும். இன்னும் மாவு சேர்க்கலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். சேர்க்கக் கூடாது. அந்த ஈரம்தான் ரொட்டிக்குள் ஓட்டை ஓட்டையாக நிற்கப் போகிறது. மில் கோதுமை மாவு கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பொறுத்திருங்கள்.

இருபது நிமிடம் மூடி வைத்துவிட்டு ஆளுக்கு ஒருமுறை மடிக்க வேண்டும். கையை நனைத்துக்கொண்டு, மாவின் ஓரத்தைப் பிடித்து மேலே இழுத்து நடுவில் மடிப்பது. பாத்திரத்தைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி, இப்படி நாலு பக்கமும். பத்துப் பதினைந்து நிமிடம் இடைவெளி விட்டு அடுத்த ஆள். இட்லி, சட்னி சாப்பிட்டுக்கொண்டே இது நடந்துவிடும். முதல் ஆள் மடிக்கும்போது கஞ்சி போலத் தளர்ந்து கிடக்கும் மாவு, கடைசி ஆள் கைக்கு வரும்போது வழவழப்பாக இழுபட்டு வரும். பல் டாக்டர் ஒவ்வொரு முறையும், 'ஏய், இது வேற மாவுடி' என்று வியக்கிறாள். வியக்க வேண்டியதுதான். வலுவாகப் பிசைந்து உண்டாக்கும் பசையை, ஈரமும் நேரமும் சேர்ந்து தாமாகவே உண்டாக்கிவிடுகின்றன.

மாவு எந்த அளவில் இருக்கிறது என்று பாத்திரத்தின் வெளிப்பக்கம் பேனாவால் ஒரு கோடு போட்டு, தட்டால் மூடி, நேர் வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

உயரத்தால் என்ன மாறும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெளியிலிருந்து அமுக்கும் காற்று குறைவதால் மாவுக்குள் உண்டாகும் வாயு சுலபமாக விரிந்துகொள்கிறது. அதனால்தான் ஈஸ்ட்டை அரை டீஸ்பூனுக்கு மேல் போடக் கூடாது. குளிர் மெதுவாக்குகிறது, உயரம் வேகப்படுத்துகிறது. இரண்டும் சேர்ந்து ஆறேழு மணி நேரத்தில் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

நடை

சனிக்கிழமைக்குக் கோடநாடு. கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே பேருந்து போகிறது. காட்சிமுனைக்குச் சற்று முன்னால் இறங்கி மீதியை நடந்தால் அது தனி இன்பம். முனையில் நின்றால் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, அதற்குள் தெங்குமரஹாடா ஊரின் வயல்கள், எதிரே ரங்கசாமி மலை. மேகம் இல்லாத நாளில் பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பும் தெரியும். நாங்கள் அங்கே படம் எடுத்துவிட்டு உடனே கிளம்புவதில்லை. தூக்கில் கொண்டுபோன தயிர்சாதத்தை அங்கேயே ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். யார் பையன் எந்தக் குரூப் எடுத்தான், யார் வீட்டில் யாருக்கு என்ன உடம்பு என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் வெளியே வரும். வாட்ஸ்அப்பில் மாதக்கணக்கில் எழுதாததை அங்கே சொல்லிவிடுவார்கள். அதற்கு இடம் விட்டுத்தான் திட்டம் போட வேண்டும்.

நடக்க முடியாதவர் இருந்தால் அவருக்கு ஏற்ற இடம் கன்னேரிமுக்கு. ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய பங்களா அங்கே இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆட்டோவில் போய் வரலாம். எங்கள் முழங்கால்காரி அதைப் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பி, வெயிலில் உட்கார்ந்து மாவுக்குக் காவல் இருப்பாள். கோடு தாண்டி எவ்வளவு ஏறியது என்று எங்களுக்குப் போனில் சொல்வது அவள் பொறுப்பு. நாங்கள் பேருந்தைப் பிடிக்கும் நேரமே அவள் சொல்வதை வைத்துத்தான்.

திரும்பும் வழியில் கடைத்தெருவில் பட்டர் பீன்ஸ், கேரட், ஒரு பாட்டில் மலைத்தேன் வாங்கிக்கொள்ளுங்கள். குறும்பர், இருளர் பழங்குடியினர் எடுக்கும் காட்டுத்தேனைக் கீஸ்டோன் அறக்கட்டளை வழியாக இங்கே நல்லபடி விற்கிறார்கள். சூடான ரொட்டிக்கு அந்தத் தேனின் லேசான கசப்பு அபாரமாகச் சேரும்.

மாலை: சட்டியும் கரியும்

நாலு மணிக்கு மாவு இரண்டு மடங்காகி, மேலே குமிழ் குமிழாக நிற்க வேண்டும். இன்னும் ஏறவில்லை என்றால் அரை மணி காத்திருங்கள். கடிகாரத்தைவிட மாவைத்தான் நம்ப வேண்டும். மேடையில் கொஞ்சம் மாவு தூவி, பாத்திரத்தைக் கவிழ்த்து, நாலு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து உருண்டையாகத் திருப்புங்கள். குத்தி அமுக்கிக் காற்றை எல்லாம் வெளியேற்றக் கூடாது. துண்டில் அரிசி மாவைத் தாராளமாகத் தடவி, ஒரு கிண்ணத்தில் விரித்து, மடிப்பு மேலே பார்க்க உருண்டையை வையுங்கள். அரிசி மாவு ஈரத்தைச் சீக்கிரம் இழுக்காது, அதனால் துண்டில் ஒட்டாது. முக்கால் மணி நேரம் போகட்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாகப் பாதி நிரம்ப வேண்டும். சட்டென்று எழும்பினால் நேரம் போதாது, எழும்பவே இல்லை என்றால் உடனே அடுப்பில் ஏற்றிவிடுங்கள்.

இந்த முக்கால் மணியில் சட்டியைத் தயார் செய்ய வேண்டும். அடியில் ஒரு விரற்கடை உயரம் கல்லுப்பு, அதன் மேல் வளையம். தோசைக்கல்லால் மூடி நடுத்தரத் தீயில் இருபது நிமிடம். பக்கத்தில் கரியைப் பற்றவைத்து, சாம்பல் பூத்துச் சிவக்கும் வரை விடுங்கள். கரி வேலை முழுக்கத் திறந்த வெளியில்தான் நடக்க வேண்டும். அணையாத கரியை எக்காரணம் கொண்டும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், குளிருக்கு இதமாக இருக்கும் என்று யார் கேட்டாலும் சரி. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. கதவை அடைத்துக்கொண்டு தூங்கினால் எழுந்திருக்க மாட்டீர்கள். மலை வீடுகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. இதை மட்டும் கறாராகச் சொல்லும் ஆள் ஒருவர் கூட்டத்தில் இருந்தே ஆக வேண்டும்.

வாழையிலையை இரண்டாக மடித்து அதன் மேல் மாவைக் கவிழ்த்து, பிளேடால் நடுவில் ஒரு கீறல். இலையோடு தூக்கி, வளையத்தின் மேல் வைத்த சின்னத் தட்டில் இறக்குங்கள். கை சுடும், இருவர் செய்யுங்கள். தோசைக்கல்லால் மூடி, சிவந்த கரியைக் கல்லின் மேல் பரப்புங்கள். பிரியாணிக்குத் தம் போடும் அதே முறை. கீழே தீயைக் குறைத்துவிட வேண்டும். ரொட்டி சிவக்கும் சூடு மேலிருந்துதான் வர வேண்டும். முதல் இருபத்தைந்து நிமிடம் திறந்து பார்க்கவே கூடாது. மாவிலிருந்து எழும் ஆவி உள்ளேயே நின்றால்தான் மேல்தோல் இளகி, ரொட்டி முழு உயரத்துக்கு ஏறும். அதன் பிறகு கல்லை லேசாக நகர்த்தி ஆவியை விட்டு, புதுக் கரி போட்டு இன்னும் பதினைந்து, இருபது நிமிடம்.

வெந்ததா என்று தெரிய, எடுத்துத் திருப்பி அடியில் தட்டுங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பது போல் 'டொக் டொக்' என்று கேட்க வேண்டும். வெப்பமானி குத்திப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: கோத்தகிரியில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் சொல்கிற 97, 98 டிகிரி இங்கே வராது. அது வரும் என்று காத்திருந்தால் ரொட்டி காய்ந்துவிடும். 92 காட்டினாலே எடுத்துவிடலாம். அடிப்பக்கம் வெளுத்திருந்தால் வெறும் சட்டியில் திருப்பி மாற்றி ஐந்து நிமிடம் வையுங்கள்.

அடுத்ததுதான் கஷ்டமான பகுதி: ஒரு மணி நேரம் அறுக்கக் கூடாது. உள்ளே இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கும்; சூட்டோடு அறுத்தால் கத்தியில் பசையாக ஒட்டும். அந்த ஒரு மணியில் பட்டர் பீன்ஸ் குருமா கொதித்துவிடும். பூண்டும் கேரட்டும் போட்டு ஒரு சூப். பிறகு எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து அறுக்கலாம். வெண்ணெய், தேன், குருமா, யாருக்கு எது வேண்டுமோ அது. மேல்தோல் மொறுமொறுவென்று உடைகிற முதல் துண்டு எங்கள் கூட்டத்தில் அன்று காவல் இருந்தவளுக்கு.

சாப்பிட்டு முடித்ததும் தூங்கப் போவதற்கு முன் ஒரு வேலை உண்டு. கோத்தகிரியில் கரடிகள் வீட்டருகே வருவது சாதாரணம். எண்ணெய், தேன், சமையல் வாசனை பிடித்து வந்து கதவையே உடைத்திருக்கின்றன. எண்ணெய்ச் சட்டி, தேன் பாட்டில், மீந்த ரொட்டி எதுவும் வெளித் திண்ணையில் இருக்கக் கூடாது. கரியைத் தண்ணீர் ஊற்றி முழுக்க அணைத்துவிடுங்கள். இருட்டிய பிறகு தோட்டத்தில் உலாவ வேண்டாம். காட்டெருமை நிற்பது பக்கத்தில் போகும் வரை தெரியாது.

ஞாயிறு

விடிந்ததும் லாங்வுட் சோலை. ஊரை ஒட்டி 116 ஹெக்டேரில் நிற்கும் பழைய சோலைக்காடு. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2024-ல் சேர்ந்தது. சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தண்ணீர் இங்கிருந்துதான். வனத்துறையிடம் அனுமதி வாங்கித்தான் உள்ளே போக முடியும், அதனால் முதல் நாளே கேட்டு வைத்துவிடுங்கள். மழைக்குப் பின் என்றால் அட்டை உண்டு, சாக்ஸுக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள். உள்ளே சத்தம் போடாமல் நடந்தால் நீலகிரிக்கே உரிய சிரிப்பான் குருவியின் குரல் கேட்கும்.

திரும்பி வந்து, மீந்த ரொட்டியை அதே தோசைக்கல்லில் நெய் விட்டு வாட்டுங்கள். முதல் நாள் ரொட்டி அப்போதுதான் முழு மணத்தோடு இருக்கும். இன்னும் மீந்தால் பருத்தித் துணியில் சுற்றிக் கீழே கொண்டு வரலாம், திங்கட்கிழமை டிபன் டப்பாவுக்கு ஆகும். மத்தியானச் சாப்பாடு முடித்து மூன்று மணிப் பேருந்தைப் பிடித்தால் இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையம் வந்துவிடலாம்.

இதே ரொட்டியைச் சமவெளியில் வீட்டில் செய்ய நினைத்தால் மூன்றை மட்டும் மாற்றுங்கள். ஈஸ்ட்டைக் கால் டீஸ்பூனாகக் குறையுங்கள், தண்ணீரைக் குளிர்ச்சியாக எடுங்கள், இரண்டு மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் எடுத்து ஒன்றரை மணி நேரம் குளிர் விட்டதும் உருட்டிக்கொள்ளலாம். சட்டிக்கும் கரிக்கும் மொட்டை மாடி போதும்.